ஃப்ளோட்டில்லாவை நடத்துவது எப்படி? அமெரிக்கக் கடலோரக் காவல் துணைப்படையின் உள்ளூர் அலகுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கோடைக்கால வார இறுதியில் ஏதாவது ஒரு படகு இறங்குதளத்துக்குப் போனால், நீல போலோ சட்டையும் கையில் ஒரு எழுது அட்டையுமாகச் சிலர் நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் படகை இலவசமாகச் சோதித்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். இவர்கள் போலீஸ்காரர்கள் இல்லை, சம்பளம் வாங்குகிறவர்களும் இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் தொண்டர் பிரிவான துணைப்படையைச் சேர்ந்தவர்கள். உள்ளே இருப்பவர்கள் சுருக்கமாக 'ஆக்சிலியரி' என்பார்கள்.

1939 ஜூன் 23 அன்று அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றி இதை உருவாக்கியது. அப்போது பெயர் 'ரிசர்வ்'. 1941 பிப்ரவரியில் ராணுவ ரிசர்வ் தனியாக அமைக்கப்பட்டபோது தொண்டர்களுக்கு 'ஆக்சிலியரி' என்ற பெயர் வந்தது. 1996 சட்டத்துக்குப் பிறகு, நேரடிச் சட்ட அமலாக்கமும் ராணுவ நடவடிக்கையும் தவிர, கடலோரக் காவல்படையின் ஏறக்குறைய எந்தப் பணியிலும் இவர்கள் கைகொடுக்கலாம்.

இந்த அமைப்பின் அடிமட்ட அலகுதான் ஃப்ளோட்டில்லா. சில ஃப்ளோட்டில்லாக்கள் சேர்ந்தால் டிவிஷன், டிவிஷன்கள் சேர்ந்தால் டிஸ்ட்ரிக்ட், அதற்கு மேல் தேசிய அளவு. ஃப்ளோட்டில்லாவின் தலைவர் கமாண்டர். அடுத்தவர் துணைக் கமாண்டர். இந்த இருவரையும் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதல் தடவை கமாண்டராகப் பொறுப்பேற்கிறவருக்காக, அல்லது ஏற்கலாமா என்று யோசிக்கிறவருக்காக எழுதியது இது. உறுப்பினராக அமெரிக்கக் குடியுரிமையும் 17 வயதும் வேண்டும். குடியுரிமை பெற்ற தமிழர்கள் இங்கே நிறையப் பேர். கோடையில் ஏரிக்கு கயாக்கும் வாடகைப் படகும் எடுத்துப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆகவே இது யாரோ ஒருவருடைய சங்கதி என்று ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நல்ல படகோட்டிகள் நிறைந்த ஃப்ளோட்டில்லாக்கள் தடுமாறுவதற்குக் கடலோ காற்றோ காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் பதிவேடு, கணக்கு, முறையான உத்தரவு ஆகிய மூன்றில் ஒன்று கவனிக்கப்படாமல் போயிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் கயிறு முடிச்சை விடக் காகிதம்தான் அதிகம் வரும்.

பதவியின் எல்லை

கமாண்டர் என்ற பெயரைக் கேட்டுச் சிலர் மிதப்பாகிவிடுவார்கள். ஆக்சிலியரியில் ராணுவக் கட்டளை அதிகாரம் என்று ஒன்று கிடையாது. தோளில் பட்டை இருக்கும். அது பொறுப்பைக் காட்டும் அடையாளம் மட்டுமே. யாருக்கும் உத்தரவு போட முடியாது. கேட்டுக்கொள்ளலாம், நினைவூட்டலாம், பாராட்டலாம். வருகிறவர்கள் எல்லாம் சொந்த நேரத்தையும் சொந்த பெட்ரோலையும் செலவழித்து வருகிறவர்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு எல்லை வெளி ஆட்களிடம். ஆக்சிலியரி உறுப்பினர் யாரையும் கைது செய்ய முடியாது, அபராதம் விதிக்க முடியாது, படகை நிறுத்தி ஏறிச் சோதனை போட முடியாது, பணியில் ஆயுதம் வைத்திருக்கவும் முடியாது. சீருடையில் கட்சி மேடை ஏறுவதும் கூடாது. தேர்தல் வருடங்களில் இதைக் கூட்டத்திலேயே ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

மேலே உங்களுக்கு இரண்டு திசையில் தொடர்பு இருக்கும். ஒன்று தொண்டர் வரிசை: உங்கள் டிவிஷன் கமாண்டர், அவருக்கு மேல் டிஸ்ட்ரிக்ட் கமடோர். மற்றொன்று கடலோரக் காவல்படையின் சம்பளப் பணியாளர்கள்: ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் ஆக்சிலியரிக்கு என்று ஓர் இயக்குநர் அலுவலகம் உண்டு. எந்தக் கேள்வியையும் முதலில் டிவிஷனிடம் கொண்டுபோங்கள். நேராக இயக்குநர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஆர்வக்கோளாறு புதியவர்கள் பலருக்கு உண்டு. பதில் சுற்றிச் சுற்றி டிவிஷன் வழியாகத்தான் திரும்பி வரும்.

முதல் வேலை: ஆட்களை அமர்த்துவது

பதவிக்காலம் ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும். தேர்தல் அதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிந்துவிடும் என்பதால் இடையில் சில வாரங்கள் கிடைக்கும். அந்த வாரங்களைப் பொறுப்பாளர்களை அமர்த்தப் பயன்படுத்துங்கள். கமாண்டரும் துணைக் கமாண்டரும் தவிர மற்ற எல்லாப் பொறுப்பாளர்களையும் நியமிப்பது நீங்கள்தான்.

பட்டியல் நீளமானது. நிதி, தகவல் பதிவு, உறுப்பினர் சேர்ப்பு, உறுப்பினர் பயிற்சி, பொதுக் கல்வி, படகுச் சோதனை, கடை வருகை, ரோந்துப் பணி, வானொலித் தொடர்பு, பொருட்கள், மக்கள் தொடர்பு, செய்திமடல், வழிகாட்டு மிதவைகள், கடல்சார் பாதுகாப்பு என்று போகும். இதே பெயர்களில் டிவிஷனிலும் டிஸ்ட்ரிக்டிலும் ஆட்கள் இருப்பார்கள். உங்கள் படகுச் சோதனைப் பொறுப்பாளருக்குச் சந்தேகம் வந்தால் டிவிஷனின் படகுச் சோதனைப் பொறுப்பாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். ஒவ்வொரு கேள்வியும் உங்கள் மேசை வழியாகப் போக வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய சௌகரியம்.

சின்ன ஃப்ளோட்டில்லாவில் எல்லா நாற்காலியையும் நிரப்ப ஆள் இருக்காது. ஒருவரே இரண்டு மூன்று பொறுப்பு ஏற்பது சகஜம். என் கருத்தில் முதலில் நிரப்ப வேண்டியவை மூன்று: தகவல் பதிவு, நிதி, உறுப்பினர் பயிற்சி. செய்திமடல் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டிவிடலாம். பதிவு செய்ய ஆள் இல்லாமல் மூன்று மாதம்கூட ஓட்ட முடியாது. நிதிப் பொறுப்பை மட்டும் உங்கள் கையிலோ உங்கள் வீட்டார் கையிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் யாராவது கேள்வி கேட்பார்கள்.

மாதக் கூட்டம்

வழக்கமாக மாதம் ஒருமுறை கூடுவார்கள். நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். பொறுப்பாளர்களின் அறிக்கையையும் எழுத்தில் வாங்கி அதோடு சேர்த்து அனுப்பிவிட்டால், கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து பத்து நிமிடம் வாசிக்கும் கொடுமை இருக்காது. நிர்வாகத்தை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் ஏதாவது கற்றுக்கொடுங்கள்: கயிறு வீசுவது, வரைபடம் படிப்பது, காலாவதியான தீச்சுடரை (ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் ஃப்ளேர்) எப்படிக் கழிப்பது. மக்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட வேண்டும். டிவிஷனுக்கும் ஒரு பிரதி போக வேண்டும். யார் வந்தார்கள், என்ன முன்மொழியப்பட்டது, ஓட்டு எப்படிப் போனது, எவ்வளவு பணம் செலவழிக்க அனுமதி தரப்பட்டது என்ற நான்கும் இருந்தால் போதும். யார் என்ன பேசினார்கள் என்று கதை எழுத வேண்டாம். ஃப்ளோட்டில்லாவுக்கென்று நிலையான விதிகள் இருக்கும். பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அதை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். குறைந்தபட்ச வருகை எத்தனை, சந்தா எவ்வளவு, கூட்டத்தின் அனுமதி இல்லாமல் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

கூட்டத்துக்குப் பிறகு சாப்பாடு உண்டென்றால் வருகை கூடும். தோழமை என்பது ஆக்சிலியரியின் நான்கு தூண்களில் ஒன்றாக அதிகாரபூர்வமாகவே சொல்லப்படுவது. எலுமிச்சை சாதம் கொண்டுபோனால் பாத்திரம் காலியாகித்தான் திரும்பும்.

பதிவேடு: எல்லாம் இங்கேதான்

ஆக்சிலியரியின் தேசியத் தரவுத்தளத்தின் பெயர் ஆக்ஸ்டேட்டா டூ. யார் எந்தத் தகுதி பெற்றிருக்கிறார், எந்தப் பயிற்சி பாக்கி, எத்தனை மணி நேரம் உழைத்தார், எந்தப் படகு பணிக்கு ஏற்கப்பட்டிருக்கிறது என்று எல்லாமே அதில்தான். அதில் ஏறாத வேலை நடக்காத வேலை. விருது, தகுதி நீட்டிப்பு இரண்டும் அந்தப் பதிவை வைத்துத்தான். ஆக்சிலியரி இந்த வருடம் நாட்டுக்கு இத்தனை மணி நேரம் உழைத்தது என்று கடலோரக் காவல்படை கணக்குக் காட்டுவதும் இதிலிருந்துதான்.

உறுப்பினர்கள் கையில் இரண்டு படிவங்கள் அதிகம் புழங்கும். 7029 என்பது தனிநபர் நேரப் பதிவு: பயண நேரம், தயாரிப்பு, கூட்டம், அலுவலக வேலை போன்றவை. 7030 என்பது குறிப்பிட்ட பணிகளுக்கானது: பொது நிகழ்ச்சி, பயிற்சி வகுப்பு, கடலோரக் காவல் நிலையத்தில் உதவி இப்படி. 7030இல் ஏறிய மணி நேரத்தை 7029இல் மறுபடி போடக் கூடாது. இரட்டைப் பதிவு எங்கே நுழைகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மக்களுக்குப் படிவம் நிரப்பப் பிடிக்காது. திட்டினால் இன்னும் பிடிக்காது. வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்தவுடன், கலைவதற்கு முன்பே, அங்கேயே படிவத்தை நிரப்பி வாங்கிவிடுவது. வீட்டுக்குப் போன பிறகு நிரப்புகிறேன் என்றவர் நிரப்பப் போவதில்லை. தனிநபர் நேரத்துக்கு மாதக் கடைசியில் ஒரு நினைவூட்டல் செய்தி அனுப்புங்கள். வருடக் கடைசியில் பதிவை மூடுவதற்குக் கடைசி நாள் ஒன்று அறிவிக்கப்படும். அதற்குள் எல்லாம் ஏறியிருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை தகவல் பொறுப்பாளரோடு உட்கார்ந்து மூன்று விஷயம் பாருங்கள். கட்டாயப் பயிற்சி யாருக்குக் காலாவதியாகப் போகிறது? வருடாந்திரக் குறைந்தபட்ச வேலையை யார் இன்னும் முடிக்கவில்லை? யாருடைய பெயரில் சில மாதங்களாக ஒரு மணி நேரம்கூட ஏறவில்லை? கடைசிக் கேள்விக்கு விடையாக வருகிறவரை ஃபோனில் கூப்பிடுங்கள். உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், மனத்தாங்கல் இருக்கலாம், பதிவு செய்யத் தெரியாமல் இருக்கலாம். எப்படியானாலும் அவர் விலகல் கடிதம் அனுப்புவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்களின் சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, பின்னணிச் சோதனைக் காகிதங்கள் எதையும் உங்கள் வீட்டுக் கணினியிலோ அலமாரியிலோ சேர்த்துவைக்காதீர்கள். அனுப்ப வேண்டிய இடத்துக்கு முறைப்படி அனுப்பிவிட்டு, உங்களிடம் மிஞ்சுவதை அழித்துவிடுங்கள்.

புதியவர் வந்தால்

விசாரிக்க வருகிறவரிடம் விண்ணப்பத்தை நீட்டுவதற்கு முன் ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். அப்புறம் 7001 எண் விண்ணப்பம், கைரேகை, மத்திய அரசின் பின்னணிச் சோதனை. இந்தச் சோதனைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். புதியவர்களை இழப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். உற்சாகமாக வந்தவர் பதில் இல்லாமல் காத்திருந்து காத்திருந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

ஆகவே வந்த நாளிலேயே ஒரு மூத்த உறுப்பினரை அவருக்குத் துணையாகப் போடுங்கள். காத்திருக்கும் காலத்தில் படகுப் பாதுகாப்பு வகுப்பில் உட்காரலாம், இணையத்தில் உள்ள கட்டாயப் பயிற்சிகளை முடிக்கலாம், பொது நிகழ்ச்சியில் மேசை போட உதவலாம். கட்டாயப் பயிற்சித் தொகுப்பு எல்லா உறுப்பினருக்கும் பொது: பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, குடிமை உரிமைகள் பற்றிய விழிப்புணர்வு, தகவல் பாதுகாப்பு மாதிரி. சலிப்பூட்டுவதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை முடிக்காதவரைப் பணிக்கு அனுப்ப முடியாது.

பணம்

ஃப்ளோட்டில்லாவின் வருமானம் பெரிதாக இருக்காது. ஆண்டுச் சந்தா ஒன்று; அதில் தேசியம், டிஸ்ட்ரிக்ட், டிவிஷன் பங்கு போக மிச்சம்தான் உங்களுடையது. பொது வகுப்புகளுக்கு வாங்கும் கட்டணத்தில் புத்தகச் செலவு போகக் கொஞ்சம் நிற்கும். நன்கொடைக்கும் நிதி திரட்டுவதற்கும் தனி விதிகள் உண்டு. கடலோரக் காவல்படையின் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பணம் கேட்டுக் கிளம்புவதற்கு முன் டிவிஷனிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். படகு விற்பனைக் கடை ஏதாவது 'நாங்க ஸ்பான்சர் பண்றோம்' என்று சொன்னாலும் அப்படித்தான்.

கணக்கைப் பொறுத்தவரை சொந்த அனுபவத்தில் நான் கடைப்பிடிக்கச் சொல்வது எளிமையானது. வங்கிக் கணக்கு ஃப்ளோட்டில்லாவின் பெயரில் இருக்க வேண்டும், தனிநபர் பெயரில் கூடாது. கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்கள் ஒருவருக்கு மேல் இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு டாலர்கூட வெளியே போகக் கூடாது. வங்கி அறிக்கையை ஒவ்வொரு மாதமும் கூட்டத்தில் காட்ட வேண்டும். வருடம் ஒருமுறை, நிதிப் பொறுப்பாளர் இடம்பெறாத ஒரு சிறு குழு கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பணம் மட்டும் இல்லை. ஃப்ளோட்டில்லாவிடம் உள்ள புரொஜெக்டர், கூடாரம், வானொலிக் கருவி எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல், எது யார் வீட்டில் இருக்கிறது என்ற குறிப்போடு.

படகுச் சோதனை

ஃப்ளோட்டில்லா ஊருக்குச் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. படகு வேண்டாம், கடல் வேண்டாம். ஒரு வாகன நிறுத்தத்தில் நின்றே செய்துவிடலாம்.

சோதகராகத் தகுதி பெறப் பாடத்தேர்வு ஒன்றில் தேறி, ஏற்கெனவே தகுதி பெற்றவரின் மேற்பார்வையில் 5 படகுகளைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகு வருடத்துக்குக் குறைந்தது 5. தவறினால் மறுபடியும் மேற்பார்வையோடு செய்து தகுதியைப் புதுப்பிக்க வேண்டிவரும். செப்டம்பரில் பட்டியலைப் பார்த்து, 5 எட்டாதவர்களை ஒரே நாளில் ஒரே இறங்குதளத்துக்கு வரவழைத்துவிட்டால் விஷயம் முடிந்தது.

சோதனைக்கான படிவம் 7012. துடுப்புப் படகுகளுக்குத் தனியாக 7012ஏ. எதெதைப் பார்ப்பது என்பது படிவத்திலேயே இருக்கிறது. புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பதிவு எண்: படகின் முன்பாதியில் இருபுறமும், குறைந்தது 3 அங்குல உயரத்தில், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில், நேரான கட்டை எழுத்தில் இருக்க வேண்டும். அழகுக்காகச் சாய்வெழுத்தில் ஒட்டியிருப்பார்கள், தேறாது.

லைஃப் ஜாக்கெட்: படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் ஒன்று. 16 அடியும் அதற்கு மேலும் உள்ள படகில் தூக்கி வீசக்கூடிய மிதவை ஒன்று கூடுதலாக. நான்கு பெரியவர் ஜாக்கெட் வைத்திருக்கிறார், குழந்தை அருகில் நிற்கிறது என்றால், குழந்தைக்கான அளவு எங்கே என்று கேளுங்கள். மாநிலத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாத இடத்தில், ஓடும் படகின் திறந்த தளத்தில் 13 வயதுக்குக் கீழுள்ள குழந்தை ஜாக்கெட்டைப் போட்டே இருக்க வேண்டும் என்பது மத்திய விதி.

தீயணைப்பான்: 2022 ஏப்ரல் 20 முதல் அமலான விதிப்படி, மறுபடி நிரப்ப முடியாத வகையானால் தயாரிப்பு ஆண்டிலிருந்து 12 ஆண்டு கழிந்ததும் கழித்துவிட வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதே என்று உரிமையாளர் வாதாடுவார். கருவியில் பொறித்த ஆண்டைக் காட்டுங்கள், அவரே புரிந்துகொள்வார்.

தீச்சுடர்: வழக்கமாகத் தயாரித்த நாளிலிருந்து 42 மாதம்தான் ஆயுள். காலாவதியானதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், கணக்கில் சேராது.

என்ஜின் நிறுத்து விசை (கயிறு இழுபட்டதும் என்ஜினை நிறுத்துவது) 7012இல் எப்படி வருகிறது என்பது இருக்கட்டும், பேச்சில் அதைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். 26 அடிக்குக் குறைவான விசைப்படகுகளில், அந்த விசை இருந்தால், வேகமாக ஓட்டும்போது அதன் கயிற்றை ஓட்டுபவர் உடலோடு இணைத்திருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் விதி. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்த பிறகு ஆளில்லாப் படகு வட்டமடித்து அவர் மேலேயே ஏறுவதைத் தடுக்க வந்தது அது.

நடந்துகொள்ளும் முறை இன்னும் முக்கியம். அழைக்காமல் படகைத் தொடக் கூடாது. பொருட்களை உரிமையாளரே எடுத்துக் காட்டட்டும். நீங்கள் பெட்டிகளைத் திறந்து துழாவ வேண்டாம். தேறினால் அந்த ஆண்டின் ஸ்டிக்கர். தேறாவிட்டால் என்னென்ன வாங்க வேண்டும் என்று எழுதிய படிவத்தின் பிரதி. யாருக்கும் புகார் போகாது, அபராதம் கிடையாது. இதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தயக்கம் விட்டு வருவார்கள். ஸ்டிக்கர் இருந்தால் அதிகாரிகள் படகில் ஏறிச் சோதிக்க மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது உண்மை இல்லை.

கயாக் உரிமையாளர்களுக்கு ஒரு சின்ன உதவி உண்டு. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி கயாக்கின் உள்ளே ஒட்டும் ஸ்டிக்கர். காற்றில் அடித்துக்கொண்டு போன காலி கயாக் கரையோரம் கிடைத்தால், அந்த எண்ணைக் கூப்பிட்டு ஆள் பத்திரமா என்று கேட்டுவிடலாம். எண் இல்லாவிட்டால் மீட்புப் படகும் ஹெலிகாப்டரும் கிளம்ப வேண்டிவரும்.

வகுப்பும் கடை வருகையும்

2023இல் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். இறப்பின் காரணம் தெரிந்தவர்களில் 75 சதவீதம் நீரில் மூழ்கியவர்கள். மூழ்கியவர்களில், விவரம் பதிவானவர்களைப் பார்த்தால், 87 சதவீதம் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள். குடித்துவிட்டு ஓட்டுவதுதான் உயிரிழப்பு விபத்துகளில் தெரிந்த முதன்மைக் காரணம். வகுப்புக்கு வேறு முன்னுரை தேவையில்லை. மாநிலப் படகுச் சட்ட நிர்வாகிகளின் தேசியச் சங்கம் அங்கீகரித்த பாடத்தையே நடத்துங்கள். பல மாநிலங்களில் படகு ஓட்டக் கல்விச் சான்று கட்டாயம் என்பதால் அங்கீகாரம் இல்லாத பாடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். நூலகத்தில் இடம் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

கடை வருகை என்பது தூண்டில் கடை, படகுச் சாமான் கடைகளுக்குப் போய்ப் பாதுகாப்புத் துண்டறிக்கைகளை வைத்துவிட்டு வருவது. வயதானதால் படகில் ஏற முடியாத உறுப்பினர்களுக்கு அருமையான வேலை.

தேசியப் பாதுகாப்பான படகு வாரம் மே மாத நினைவு நாள் (மெமோரியல் டே) வார இறுதிக்கு முந்தைய வாரத்தில் வரும். 1958இலிருந்து நடக்கிறது. அதற்கான மேசை, இடம், ஆள் ஏற்பாட்டை மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

ரோந்து: உத்தரவு இல்லாமல் கயிறு அவிழ்க்காதீர்கள்

ஆக்சிலியரியின் ரோந்துப் படகுகள் பெரும்பாலும் உறுப்பினர்களின் சொந்தப் படகுகள். உரிமையாளர் படகைப் பணிக்கு அளிக்க முன்வருகிறார். ஆண்டுதோறும் அது சோதிக்கப்பட்டு ஏற்கப்படுகிறது. ஏற்கப்பட்ட படகு கடலோரக் காவல்படையின் முறையான உத்தரவின் கீழ் செல்லும்போது சட்டத்தின் பார்வையில் அது அமெரிக்க அரசின் பொதுக் கலம். எரிபொருள் செலவு திரும்பக் கிடைக்கும். படகுக்குச் சேதம் வந்தால் ஈடு கேட்கலாம். பணியில் இருந்தவருக்குக் காயம் பட்டால் மத்திய அரசு ஊழியர்களுக்கான காய ஈட்டுச் சட்டம் துணை நிற்கும்.

உத்தரவு இல்லாமல் போனால் அதே படகு அவருடைய சொந்தப் படகு, அது அவருடைய சொந்தப் பயணம். கொடி பறந்தாலும் சீருடை போட்டிருந்தாலும் அப்படித்தான். ஆகவே உத்தரவு வராத வரை கிளம்பக் கூடாது. எத்தனை அவசரம் என்று சொன்னாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

1. ரோந்துப் பொறுப்பாளர் மாத அட்டவணையைக் கடலோரக் காவல் நிலையத்தோடு பேசி முடிவு செய்கிறார். உரிமையாளர் உத்தரவுக்கு விண்ணப்பிக்கிறார்.

2. படகுத் தலைவராகத் தகுதி பெற்ற காக்ஸ்வைன் ஒருவர், தகுதி பெற்ற பணியாளர் குறைந்தது ஒருவர். இருவருடைய தகுதியும் அன்றைக்கு நடப்பில் இருக்கிறதா என்று தரவுத்தளத்தில் பார்க்க வேண்டும். தகுதியைத் தக்கவைக்க வருடத்துக்கு 12 மணி நேரம் படகில் ஓடியிருக்க வேண்டும். நவம்பரில் பதறாமல் இருக்க ஆகஸ்டிலேயே எண்ணிப் பாருங்கள்.

3. கிளம்பும் முன் இடர் மதிப்பீடு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரிப்பார்கள். குழுவின் களைப்பு, அனுபவம், வானிலை, வேலையின் சிக்கல் எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புதிய பணியாளரை முதலில் பேசவிடுங்கள். காக்ஸ்வைன் 'பச்சைதான்' என்று சொல்லிவிட்டால் பிறகு புதியவர் வாய் திறக்கமாட்டார்.

4. கரை நிலையத்துக்கு வானொலியில் புறப்பாட்டைச் சொல்வது, இடையிடையே குறித்த நேரத்தில் இடத்தையும் நலத்தையும் சொல்வது, திரும்பியதும் முடித்துக்கொண்டதைச் சொல்வது. கடைசி ஒன்றை மறந்தால் உங்களைத் தேடிக்கொண்டு இன்னொரு படகு கிளம்பும்.

5. வழியில் என்ஜின் நின்ற படகைப் பார்த்தால் முதலில் நிலையத்துக்குச் சொல்லுங்கள். உயிராபத்து இல்லாத நேரத்தில் தனியார் இழுவைப் படகுகளின் பிழைப்பில் அரசு குறுக்கிடக் கூடாது என்று ஒரு கொள்கை இருக்கிறது. இழுக்கலாமா என்பதை நிலையம் சொல்லும். உயிராபத்து என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

6. கரை சேர்ந்ததும் நேரம், எரிபொருள், ரசீது, ஆட்கள், நடந்தவை எல்லாம் அன்றைக்கே பதிவாக வேண்டும். சேதமோ காயமோ இருந்தால், சின்னதாக இருந்தாலும், உடனே சொல்ல வேண்டும். நாளாக நாளாக ஈடு கிடைப்பது கடினம்.

கமாண்டராக நீங்கள் ரோந்தில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் சிவப்பு என்று சொல்லித் திரும்பி வந்த குழுவைக் கூட்டத்தில் பேர் சொல்லிப் பாராட்ட வேண்டியது உங்கள் வேலை. போகாமல் விட்ட ரோந்தை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்பதால்தான் சொல்கிறேன்.

மனத்தாங்கல்

தொண்டர் அமைப்பு என்றாலே சண்டை உண்டு. யார் படகு அதிகம் ரோந்து போகிறது, யாருக்கு விருது கிடைக்கவில்லை என்று வரும். அட்டவணையை எல்லாரும் பார்க்கும்படி வைத்தால் முதல் புகார் பாதி குறையும். தனிப்பட்ட பிணக்கு என்றால் மின்னஞ்சலில் பதில் எழுதாமல் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். துன்புறுத்தல், பாகுபாடு சம்பந்தமான புகார் என்றால் நீங்களே பஞ்சாயத்துப் பேசித் தீர்க்க முயலாதீர்கள். அதற்குக் குறித்த நடைமுறை இருக்கிறது, அன்றைக்கே டிவிஷனுக்குத் தெரிவியுங்கள்.

விருதுக்குப் பரிந்துரைப்பது பலர் தள்ளிப்போடும் வேலை. யார் என்ன செய்தார் என்று நடந்த வாரத்திலேயே இரண்டு வரி குறித்துவைத்தால், எழுத உட்காரும்போது சரக்கு இருக்கும்.

ஒப்படைப்பு

வருடக் கடைசியில் தேர்தல் வரும். நீங்கள் தொடரலாம், தொடராமலும் போகலாம். எப்படியிருந்தாலும் உங்கள் இடத்துக்கு ஒருவரை நடு வருடத்திலிருந்தே பழக்குங்கள். துணைக் கமாண்டரை ஒன்றிரண்டு கூட்டங்கள் நடத்தவிடுங்கள், டிவிஷன் கூட்டத்துக்கும் அழைத்துப் போங்கள்.

டிசம்பரில் ஒப்படைக்க வேண்டியவை: நிலையான விதிகளின் நடப்புப் பிரதி, வருடத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், கணக்குச் சரிபார்ப்பு அறிக்கை, பொருட்பட்டியல், மீந்த படிவங்கள், இணையக் கணக்குகளின் கடவுச்சொற்கள், நூலகத்திலும் படகுத்துறையிலும் யாரிடம் பேச வேண்டும் என்ற குறிப்பு. பழைய ஆண்டின் ஸ்டிக்கர்கள் மிஞ்சியிருந்தால் அடுத்தவரிடம் தள்ளாமல் அழித்துவிடுங்கள். வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்கு மட்டும் இருவரும் சேர்ந்து நேரில் போய்வாருங்கள். ஜனவரி முதல் வாரத்தில் கூட்ட அரங்க வாடகை கட்ட வேண்டியிருக்கும். அதற்குள் புதியவரின் கையெழுத்து செல்லுபடியாக வேண்டும்.